அறுபத்திரண்டு என்றால் முதல் வகுப்பு

காலை ஆறு மணி ஐம்பது நிமிடத்துக்கு என் கணவர் கார் சாவியை இடது கையால் எடுத்தார்.

அவர் வலது கைக்காரர். சாவி தொங்கும் ஆணி கராஜ் கதவுக்கு வலப்பக்கம் இருந்தது. இடது கையால் எடுக்க உடம்பையே திருப்ப வேண்டும். திருப்பி எடுத்தார். வலது கை சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே, "வர்றப்ப பால் வாங்கிட்டு வந்துருங்க" என்றேன். அவர் என்னவோ சொன்னார். சரி என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

இரண்டு நிமிடம் கழித்து, டிரைவ்வேயிலிருந்து பின்பக்கமாக இறங்கிய கார் தெருவில் திரும்பவில்லை. நேராகப் போய் எதிர்வீட்டு மெயில்பாக்ஸில் மோதி நின்றது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. செங்கல் வைத்துக் கட்டிய மெயில்பாக்ஸ். மேல் வரிசைக் கற்கள் புல்லில் விழுந்தன. நான் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் வெளியே போனேன். அணைத்தது நன்றாக நினைவிருக்கிறது. தெருவைக் கடந்தது நினைவில் இல்லை.

ஹூஸ்டன் பக்கத்தில் சுகர் லேண்டில் அந்த வீட்டுக்கு நாங்கள் குடிவந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. எதிர்வீட்டுப் பெண்மணியோடு அதுவரை கையசைப்பதோடு சரி. ஐந்து குழந்தைகள், ஒன்றுகூடப் பள்ளிக்கூடம் போவதில்லை, எல்லாருக்கும் வீட்டிலேயே பாடம் என்பது மட்டும் தெரியும். அன்று அவள் ஈரத்தலையில் சுற்றிய துண்டோடு ஓடிவந்து, கார்க் கதவைத் திறந்து, அவருடைய இரண்டு கைகளையும் பிடித்து உயர்த்தி, பிடியை விட்டாள். இடது கை நின்றது. வலது கை மடியில் விழுந்தது. கல்யாணத்துக்கு முன்பு அவள் நர்ஸாக இருந்தவள் என்று பிறகு தெரிந்தது. மூத்த பையனிடம் ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, "கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார்?" என்று கேட்டாள். ஆஸ்பத்திரியிலும் அதையேதான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். ஆறு ஐம்பது என்றேன். ஆறு ஐம்பதுக்கு அவர் நன்றாக இல்லை. அதற்கு முன்னால் எப்போது நன்றாக இருந்தார் என்று நான் கவனித்திருக்கவில்லை.

அது தொண்ணூற்றாறாம் வருடம், பள்ளிகள் திறந்து ஒரு மாதம் ஆகியிருந்த சமயம். அவருக்கு நாற்பத்தேழு வயது. எங்களுக்கு ஒரே மகள், பதினைந்து வயது, பத்தாம் வகுப்பு.

வலது பக்கம் முழுவதும் போயிருந்தது. பேச்சும் போயிருந்தது. கால் முதலில் வரும், கை கடைசியில் வரும், பேச்சு எப்போது என்று சொல்ல முடியாது என்றார்கள். அவருடைய கம்பெனி கொஞ்ச காலம் பொறுத்துக்கொள்ளும், பிறகு இன்ஷூரன்ஸ் நின்றுவிடும் என்று தெரிந்தது. நான் ஒரு பல் மருத்துவமனையில் அரை நாள் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். முழு நாள் வேண்டும், குடும்பத்துக்கு இன்ஷூரன்ஸ் வேண்டும் என்று கேட்டேன். கொடுத்தார்கள். முன்மேசையில் உட்கார்ந்து வருகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கும் வேலை. சிரித்தேன். அது ஒன்றும் கஷ்டமாக இல்லை.

அவரைப் பார்த்துக்கொள்ள உதவிப் பெண் வாரத்தில் மூன்று காலை மட்டும் வருவாள். மீதி நேரம் மகள். முதலில் வாரத்துக்கு ஒரு நாள் லீவு போட்டாள், அப்புறம் இரண்டு நாள். பள்ளியிலிருந்து என் வேலையிடத்துக்கே போன் வந்தது. இத்தனை நாள் வராமல் இருந்தால் இந்த வருடம் கணக்கில் வராது என்றார்கள். குரலில் கோபம் எதுவும் இல்லை.

அன்று மாலை எதிர்வீட்டுப் பையன் மெயில்பாக்ஸைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தான். அவன் அம்மா பக்கத்தில் நின்று மட்டப்பலகையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் போய் மறுபடியும் மன்னிப்புக் கேட்டேன்.

"மன்னிப்பா?" என்றாள். "உங்கள் வீட்டுக்காரர் தயவில் இவனுக்குக் கட்டட வேலையில் அரை க்ரெடிட்."

எனக்குப் புரியவில்லை. அவள் விளக்கினாள். வீட்டில் படிக்கிற பிள்ளை கையால் செய்து கற்கிற எதையும் பாடமாக எழுதிக்கொள்ளலாம். எத்தனை மணி நேரம் செய்தான் என்று குறித்துவைக்க வேண்டும். இத்தனை மணிக்கு ஒரு க்ரெடிட் என்று கணக்கு. டெக்சாஸில் யாரும் வந்து பார்ப்பதில்லை. பள்ளிக்கு ஒரு கடிதம் கொடுத்தால் போதும், மகளை நிறுத்திக்கொள்ளலாம்.

"கல் கோணலா இருந்தா?" என்று கேட்டேன்.

"இடித்துவிட்டு மறுபடியும் கட்டுவான். நேராக வருகிறவரைக்கும். வந்ததும் ஏ கிரேடு."

"எல்லாருக்குமே ஏ-வா?"

"சரியாக வராமல் நான் விடமாட்டேனே" என்றாள்.

பையன் கரண்டியால் சிமெண்டை வழித்துக்கொண்டே, "மூன்று தடவை இடித்தாயிற்று" என்றான்.

கோயம்புத்தூரில் எம்.எஸ்ஸி. கணக்கு படித்தவள் நான். மெயில்பாக்ஸ் கட்டுவதற்கு ஏ கிரேடு என்பது எனக்கு விளையாட்டாகத்தான் தெரிந்தது. ஆனால் வேறு வழி இல்லை. மறுநாளே கடிதத்தை எழுதிக் கொடுத்தேன். மகளிடம் சொன்னபோது, "ஃபார் ஹௌ லாங்?" என்று மட்டும் கேட்டாள். ஒரு வருஷம் என்றேன். "ஓகே" என்றாள்.

விஷயம் நாங்கள் போகும் கோவில்வரை போய்விட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமையே தெரிந்த ஒரு சென்னைக்காரி போன் பண்ணினாள்.

"என்னங்க, பொண்ண ஸ்கூல விட்டு நிறுத்திட்டீங்களாமே?"

"நிறுத்தலைங்க. வீட்ல படிக்கிறா."

"வீட்லயா? அந்த வெள்ளைக்காரங்க பண்ணுவாங்களே, பைபிள் படிச்சுக்கிட்டு ரொட்டி சுட்டுக்கிட்டு, அந்த மாதிரியா?"

"ரொட்டி இல்லைங்க. சப்பாத்தி."

அவள் சிரிக்கவில்லை. "தப்பா எடுத்துக்காதீங்க. காலேஜுக்கு எஸ்.ஏ.டி. பரீட்சை வருதே, அதுக்கு என்ன பண்ணுவா? எம் பையன் இப்பவே கிளாஸ் போறான்" என்றாள். சாரைப் பார்க்க வர்றோம் என்றும் சொன்னாள். வரவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

பாடப்புத்தகப் படிப்பை நாங்கள் விட்டுவிடவில்லை. ஜாமெட்ரியும் பயாலஜியும் வேலையிலிருந்து வந்து நான் சொல்லிக்கொடுத்தேன். இங்கிலீஷுக்கும் வரலாற்றுக்கும் லைப்ரரியிலிருந்து புத்தகம் எடுத்து அவளே படித்து எழுதினாள். மற்ற நேரமெல்லாம் அப்பாதான். காலையில் ரத்த அழுத்தம் பார்ப்பாள். மாத்திரைகளை நாள்வாரியாகப் பெட்டியில் பிரித்து வைப்பாள். வலது கை விரல்களை ஒவ்வொன்றாக நீட்டி மடக்குவாள். அவருக்கு உப்புக் குறைக்க வேண்டும் என்பதால் கடையில் ஒவ்வொரு டப்பாவையும் திருப்பி உப்பு எவ்வளவு என்று படிப்பாள். டிசம்பரில் பதினாறு முடிந்ததும் லைசென்ஸ் வாங்கி, அவரை ஹைவே ஆறு வழியாகத் தெரபிக்கு ஓட்டிக்கொண்டு போனாள். தெரபிக்கு அனுமதி கேட்டு இன்ஷூரன்ஸ்காரர்களோடும் அவள்தான் பேசுவாள். பெரியவர்கள் பேசினால்தான் கேட்பார்கள் என்பதால், என் பேரைச் சொல்லி, என் குரலைப் போல, என் உச்சரிப்போடு பேசுவாள். ஒருநாள் நான் வீட்டில் இருந்தபோது கேட்டேன்.

"நான் அப்படியாடி பேசறேன்?"

அவள் ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு, "அம்மா, ஐ ஆம் ஆன் ஹோல்ட்" என்றாள். அதையும் என் உச்சரிப்பில்தான் சொன்னாள். காத்திருக்கும் நேரத்தில் ஜாமெட்ரி போட்டுக்கொண்டிருந்தாள்.

பேச்சுத் தெரபியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தெரபிஸ்ட் உயரமான ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. படம் போட்ட அட்டைகளைக் காட்டுவாள், அவர் பேர் சொல்ல வேண்டும். பல வாரம் எதுவும் வரவில்லை. வாய் அசையும், சத்தம் வரும், அவ்வளவுதான். தெரபிஸ்ட் தப்பு என்று தாளில் கோடு போட்டுக்கொண்டே போவாள். நான் ஒருமுறைதான் கூடப் போயிருந்தேன், கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன், உள்ளே பேசுவது கேட்கும். மகள் உள்ளே இருந்தாள். அன்று ஸ்பூன் படத்தைக் காட்டியபோது அவர் ஏதோ சொன்னார். தெரபிஸ்ட் தலையை ஆட்டிவிட்டு அடுத்த அட்டையை எடுத்தாள்.

"ஹி செட் இட்" என்றாள் மகள்.

"என்ன சொன்னார்?"

"கரண்டி. அது ஸ்பூன்தான். முந்தினதும் சரி. அது சீப்பு."

தெரபிஸ்ட் அட்டைகளைக் கீழே வைத்துவிட்டாள். முதலிலிருந்து ஆரம்பிக்கலாமா என்று மகளைக் கேட்டாள்.

அவருடைய இங்கிலீஷ் போய்விட்டிருந்தது. இருபது வருடமாக வேலையில், மீட்டிங்கில், வீட்டில் மகளோடு பேசிய இங்கிலீஷ். ஹூஸ்டன் வந்த பிறகு என்னோடுகூட அவர் பாதி அதில்தான் பேசுவார். மிச்சம் இருந்தது தமிழ், அதிலும் பொள்ளாச்சிப் பக்கத்தில் அவர் சின்ன வயதில் பேசிய தமிழ். கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் பேச்சை நான் அவர் வாயில் கேட்டதே இல்லை. ஒருநாள் பயிற்சி நடுவில் களைத்துப்போய் தெரபிஸ்ட்டைப் பார்த்து, "ஏனுங்க, போதுமுங்க" என்றார். அவருக்கு முழுதாக வந்த முதல் வாக்கியம் அது. அவளுக்கு மகள் மொழிபெயர்த்துச் சொன்னாள்.

அதன்பிறகு மகள் இல்லாமல் பயிற்சி நடக்கவில்லை. அவளுக்குத் தமிழ் புரியும், பேச வராது. சின்னதிலிருந்தே நாங்கள் தமிழில் கேட்டால் இங்கிலீஷில்தான் பதில். இப்போது அவளே அட்டை செய்தாள். மெயில்பாக்ஸ், பனிமனிதன் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுக் குக்கர், செருப்பு, முருங்கைக்காய், விபூதி டப்பா என்று வரைந்தாள். பின்பக்கம் நான் தமிழில் எழுதிக் கொடுப்பேன். எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டுவாள். அவள் "பலம்" என்றால் அவர் தலையை ஆட்டுவார். மறுபடியும் சொல்வாள். மறுபடியும் ஆட்டுவார். அவள் நாக்கை மடக்கி ஒருவழியாகப் "பழம்" என்றதும், "அப்புடி" என்பார். யார் யாருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. நான் யோசிக்கவும் இல்லை. அந்த வருடம் நான் எதையும் யோசித்ததாக ஞாபகம் இல்லை. துணி மடித்தது, ஃப்ரீவேயில் ஏறி இறங்கியது, பல் மருத்துவமனையில் அப்பாயின்ட்மென்ட் போட்டது, இவைதான் ஞாபகம் இருக்கின்றன.

சாப்பாட்டுக்குப் பிறகு மேசையில் உட்கார்ந்து, அன்று எதை எவ்வளவு நேரம் செய்தாள் என்று அவள் சொல்வாள், நான் எழுதுவேன். எதிர்வீட்டுப் பெண்மணி பாடங்களுக்குப் பேர் வைத்துக் கொடுத்தாள். மாத்திரையும் கை மடக்கலும் சேர்ந்து ஆரோக்கியக் கல்வி. சமையல், சமையல்தான். அட்டைகள் வேற்றுமொழி. இன்ஷூரன்ஸ் போனுக்குப் பேச்சுக்கலை என்றாள். "வேறு என்ன? நான் பேசினால் அவர்கள் போனை வைத்துவிடுகிறார்கள்" என்றாள்.

அடுத்த வருடம் கோடையில் அவர் கைத்தடியோடு நடக்க ஆரம்பித்தார். பகல் நேரத்தில் பார்த்துக்கொள்ளும் ஒரு இடத்தில் அவருக்கு இடம் கிடைத்தது. மகள் பள்ளிக்குத் திரும்பலாம். தன் தோழிகளோடு பதினொன்றாம் வகுப்பில் சேர வேண்டும் என்பதைத் தவிர அவள் எதையும் கேட்கவில்லை. அதற்கு இந்த ஒரு வருடத்தைப் பள்ளி ஏற்றுக்கொள்ள வேண்டும். எதிர்வீட்டுக்காரர்கள் அப்போது ஊரில் இல்லை, அந்தப் பெண்மணியின் அம்மா வீட்டுக்குப் போயிருந்தார்கள். மார்க் பட்டியலை நானே தயார் செய்தேன்.

எல்லாவற்றுக்கும் ஏ என்று போட எனக்கு மனது வரவில்லை. அது ஏமாற்று. சொந்த மகளுக்குத் தாயே மார்க் போடும்போது கொஞ்சம் கையை இறுக்கித்தான் போட வேண்டும் என்று நினைத்தேன். எங்கள் காலேஜில் அறுபது வந்தால் முதல் வகுப்பு. எழுபத்தைந்து டிஸ்டிங்ஷன், வகுப்புக்கு ஒருத்தி வாங்கினால் அதிகம். தமிழில் எனக்கு ஐம்பத்தெட்டு வந்தபோது எங்கள் தமிழம்மா கூப்பிட்டுப் பாராட்டினார்கள். அந்தக் கணக்கில்தான் போட்டேன். கணக்கு மட்டும் சரி தப்பு தெரிகிற பாடம், அதனால் ஜாமெட்ரிக்கு எண்பத்தொன்று. பயாலஜி, இங்கிலீஷ், வரலாறு எல்லாம் எழுபதைத் தாண்டின. ஆரோக்கியத்துக்கு எழுபத்துநான்கு. டிஸ்டிங்ஷனுக்கு ஒன்று குறைவு. வேண்டுமென்றேதான் ஒன்று குறைத்தேன். சமையலுக்கு அறுபத்தெட்டு. போன் பேசியதற்கு அறுபத்தாறு. தமிழுக்கு அறுபத்திரண்டு, ஒரு வருடத்தில் எழுதப் படிக்கக் கற்றவளுக்கு அறுபத்திரண்டு என்பது என்னைப் பொறுத்தவரை பெரிய மார்க். எழுதி முடித்துப் பார்த்தபோது, ரொம்பத் தாராளமாகப் போட்டுவிட்டோமோ என்றுகூட இருந்தது.

மகள் பக்கத்தில் நின்று பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நல்லாருக்கா?" என்றேன்.

"ஓகே" என்றாள். மேசையில் இருந்த தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பள்ளி திறந்த முதல் வாரம், ஒரு வியாழக்கிழமை காலை கவுன்சிலர் எங்களை வரச் சொன்னார். வேலையில் இரண்டு மணி நேரம் பர்மிஷன் வாங்கியிருந்தேன். வழுக்கைத் தலை, சாந்தமான மனிதர். நான் கொடுத்த பட்டியலை மேசையில் விரித்து, கண்ணாடியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.

"இந்த நாற்காலியில் நிறைய ஹோம்ஸ்கூல் அம்மாக்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்" என்றார். "எல்லாரும் நேராக ஏ கொண்டுவருவார்கள். சொந்தப் பெண்ணை ஃபெயில் ஆக்கிய முதல் அம்மா நீங்கள்தான்."

"ஃபெயில் இல்லை. முதல் வகுப்பு" என்றேன்.

எழுபதுக்குக் கீழே எல்லாம் இங்கே ஃபெயில் என்றார். சமையல், பேச்சு, மொழி மூன்றுக்கும் க்ரெடிட் கிடையாது. அவை இல்லாவிட்டால் மறுபடியும் பத்தாம் வகுப்புதான். எழுபத்துநான்கு சி கிரேடு, அதையும் எந்த யூனிவர்சிடியும் விரும்பிப் பார்க்காது என்றார்.

நான் எங்கள் ஊர் மார்க் முறையைச் சொன்னேன். அறுபது என்றால் என்ன, எழுபத்தைந்து என்றால் என்ன என்று சொன்னேன். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது, ஆனால் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தேன் போலிருக்கிறது. மகள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். என் எம்.எஸ்ஸி. மார்க் ஷீட் வீட்டில் இருக்கிறது, கொண்டுவருகிறேன் என்றேன்.

"அது உங்களுடையது. இவளுடையது இல்லையே" என்றார்.

"அப்படின்னா மாத்தி எழுதித் தர்றேன்."

"இப்போது மாற்றினால் அதை நான் எப்படி எடுத்துக்கொள்வது?" என்றார். அவர் கேட்டது நியாயம்தான்.

பட்டியலை மடித்து ஓரமாக வைத்தார். பிறகு ஒரு வழி சொன்னார். தொழில் லைசென்ஸ் உள்ள யாராவது, குடும்பத்துக்கு வெளியே உள்ளவர், இவள் செய்ததை நேரில் பார்த்தவர், நேரில் வந்து கையெழுத்துப் போட்டால் எண்ணே இல்லாமல் 'பாஸ்' என்று பதிந்துகொள்ளலாம். மூன்றில் இரண்டு வந்தால் பதினொன்றில் சேர்த்துவிடுவேன். ஆனால் இன்று மத்தியானத்துக்குள் நடக்க வேண்டும், வகுப்புப் பட்டியல் மூடிவிடும் என்றார்.

அவருடைய போனிலேயே தெரபிஸ்ட்டின் பேஜருக்கு அடித்தேன். பத்து நிமிடத்தில் கூப்பிட்டாள். சுருக்கமாகச் சொன்னேன். அட்டையும் தெரியும், இன்ஷூரன்ஸ் போன்களும் தெரியும், அந்தப் பெண் பேசி வாங்கிய அனுமதியில்தான் என் வேலையே நடந்தது, பதினொரு மணிக்கு வருகிறேன் என்றாள்.

வெளியே வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். உட்கார்ந்தோம். பதினொன்று ஆனது. மணி அடித்தது, பிள்ளைகள் கதவுகளைத் திறந்துகொண்டு வெளியே வந்தார்கள். மகளுக்குத் தெரிந்த இரண்டு பெண்கள் ஓடிவந்து, "நீ எந்த லஞ்ச் பீரியட்?" என்று கேட்டார்கள். தெரியாது என்று இங்கிலீஷில் சொன்னாள். அவர்கள் போனார்கள். மறுபடியும் மணி அடித்தது. வராந்தா காலியானது. பதினொன்றரை. நான் வேலையிடத்துக்குப் போன் பண்ணி இன்னும் ஒரு மணி நேரம் கேட்டேன். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சரி என்று சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் இடைவெளி விட்டார்கள்.

"மார்க் நான் போட்டதுதான் தப்பாப் போச்சு" என்றேன் அவளிடம். "இவங்க முறை வேறயா இருக்கு. எனக்குத் தோணவே இல்ல. நீ பாத்தியே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல? உனக்குத் தெரியுந்தானே, எழுபதுக்குக் கீழ ஃபெயில்னு."

"தெரியும்."

"அப்புறம் ஏண்டி சொல்லல?"

அவள் காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள். தமிழில் சொன்னாள், அவள் அப்பாவின் தமிழில்.

"நீங்க நெசமாலுமே போட்டீங்கன்னு நெனச்சனுங்க."

"எதை?"

"எல்லாத்தையுந்தானுங்க. சமையல் ஃபெயில், சரி, உப்பு இல்ல. தமிழ் ஃபெயில், சரி. அப்பாவப் பாத்துக்கிட்டதுக்கு ஒரு சி. அவ்ளோதான் நான் பண்ணுனன்னு நெனச்சேன்."

ஜூன் மாதம் அந்தப் பட்டியலை எழுதினேன். இது ஆகஸ்ட். நடுவில் உள்ள நாட்களில் அவள் தினமும் காலையில் எழுந்து ரத்த அழுத்தம் பார்த்தாள், விரல்களை நீட்டி மடக்கினாள், சாம்பார் வைத்தாள். நான் அவற்றை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். எதுவும் தோன்றவில்லை. எதிர்ச் சுவரில் கால்பந்து அணியின் போட்டோ மாட்டியிருந்தது. அதில் இருந்த முகங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் அந்த நாற்காலியின் பிளாஸ்டிக் சூடு எனக்குத் தொடையில் தெரிகிறது, அவளுக்கு நான் உடனே என்ன பதில் சொன்னேன் என்பது தெரியவில்லை. ஏதோ சொல்லியிருக்கிறேன், ஏனென்றால் அடுத்து அவள் கேட்டது ஞாபகம் இருக்கிறது.

"அப்ப எழுபத்துநாலுன்னா?"

"ரொம்ப நல்ல மார்க்டி. எங்க காலேஜ்ல அது வாங்கினா மாலை போடுவாங்க."

"அப்ப நூறு யாருக்குப் போடுவாங்க?"

"யாருக்கும் போட மாட்டாங்க."

"நோபடி?"

"கணக்குக்குப் போடுவாங்க."

"வாட் அ கன்ட்ரி" என்றாள். சிரித்த மாதிரி இருந்தது. என் தோளில் சாயவில்லை, கையையும் பிடிக்கவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போய், குடித்துவிட்டு வந்து, முன்பு உட்கார்ந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தாள்.

பன்னிரண்டு ஆகிப் பத்து நிமிடம். கவுன்சிலர் வெளியே வந்து எங்களைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், மணியைப் பார்த்தார். உள்ளே போனார். சாப்பாட்டுப் பையோடு மறுபடி வந்து, கதவைப் பூட்டச் சாவியை எடுத்தார். நான் எழுந்து நின்றேன். "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்றேன். அவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே கதவில் சாய்ந்து நின்றார். வேறு ஏதாவது செய்ய முடியுமா என்று அவரும் யோசித்தாரோ என்னவோ, முகத்தில் தெரியவில்லை.

வாசல் கண்ணாடிக் கதவு திறந்தது. தெரபிஸ்ட் கிட்டத்தட்ட ஓடி வந்தாள், வேலை உடுப்பிலேயே, கழுத்தில் ஐ.டி. அட்டையோடு. ஹைவே ஐம்பத்தொன்பதில் ஒரு லாரி கவிழ்ந்து கிடக்கிறது, ஒரு மணி நேரமாக ஒரே இடத்தில் நின்றேன் என்றாள். கவுன்சிலர் கதவைத் திறந்தார். அவள் உட்காரவில்லை. நின்றபடியே அவர் காட்டிய இரண்டு இடத்தில் கையெழுத்துப் போட்டு, லைசென்ஸ் நம்பரை எழுதினாள். கவுன்சிலர் கம்ப்யூட்டரில் எதையோ அடித்து, ஒரு சின்னத் தாளை அச்செடுத்து மகளிடம் கொடுத்தார். மேலே வகுப்பு பதினொன்று என்று இருந்தது. வெளியே மணி அடித்தது.

தெரபிஸ்ட் பேனாவை மூடிவிட்டு, அப்போதுதான் பார்ப்பதுபோல மகளைப் பார்த்தாள்.

"பெல் அடித்துவிட்டதே. நீ ஏன் இன்னும் இங்கே நிற்கிறாய்?" என்றாள்.